கிளப் சுவரில் எங்கள் தெரு

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த தெருமுனையில் தவுக்கே என்று நாங்கள் கூப்பிடுகிற ஒரு சீன முதலாளியின் சரக்குக் கிடங்கு இருந்தது. அதன் பக்கச் சுவர் தெருவைப் பார்த்தபடி நீளமாக நிற்கும். ரயில்வே பட்டறையில் வேலை முடிந்து வருகிற ஆண்களில் பாதிப் பேர் அந்தச் சுவரோரம்தான் ஒன்றுக்குப் போவார்கள். நாற்றம் தாங்காமல் ஒருநாள் தவுக்கே என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர்.

"சாமி படம் போடு லா. சாமி இருந்தா எவனும் பக்கத்தில வரமாட்டான்."

"சாமிக்கு எதுக்கு தவுக்கே இந்தத் தண்டனை? நான் வேற ஒண்ணு போடறேன், பாருங்க."

அவர் போட்டது எங்கள் தெருவையே. பட்டறையில் சங்கு ஊதியதும் கேட்டைத் தாண்டி ஆட்கள் வெளியே வருவதுதான் படம். முன்னால், தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன், தோளில் துண்டோடு. அவருக்குப் பக்கத்தில் கொதிகலனில் கரி தள்ளுகிறவர். சலவைக்காரர், மாட்டைப் பிடித்தபடி பால்காரர், சாப்பாட்டுக்கடை வாசலில் நிற்கிற பாய். எல்லாரும் நிஜ ஆட்கள், நிஜ முகங்கள். முகமெல்லாம் அவர் கை. சட்டை, வேட்டி, கேட்டு, தண்டவாளம், மழைமரம் எல்லாம் என் கை. கல்யாணமான புதிதில் அவர் இழுத்த கோட்டுக்குள் சாயம் நிரப்பத் தொடங்கியவள் நான். அந்தச் சுவரை எழுதின காலத்தில் பாதி வேலை என்னுடையதாகியிருந்தது. ஆனால் முகத்தை மட்டும் அவர் எனக்குக் கொடுத்ததில்லை. நானும் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு யாரும் அந்தச் சுவரோரம் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் மூஞ்சியின் மேல் எப்படிப் போவது? பாயிண்ட்ஸ்மேன் தினமும் சாயங்காலம் வந்து தன்னையே பார்த்துவிட்டுப் போவார். அவர் மனைவி என்னிடம் வந்து, "ஏன் பாப்பா, அவருக்கு நல்ல சட்டையா போட்டிருக்கக் கூடாதா? தெருவே பாக்குதில்ல?" என்று குறைபட்டுக்கொண்டாள். நான் தோள்பட்டையில் ஒரு கிழிசல் போட்டிருந்தேன். நிஜத்தில் இருந்த கிழிசல் அது.

ஜப்பான்காரன் கோலாலம்பூருக்குள் வந்த சில வாரங்களில் எங்கள் வீட்டு வாசலில் இரண்டு சிப்பாய்கள் நின்றார்கள். அந்தச் சுவரில் அவர்கள் பெரிய எழுத்தில் ஏதோ எழுத வேண்டுமாம். நாங்கள் வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டும். துப்பாக்கி முனையில் கத்தி செருகியிருந்தது. நானும் அவரும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு போனோம்.

ஒரு பூச்சு அடித்து முடித்தபோது முகங்கள் சுண்ணாம்புக்குள்ளிருந்து மங்கலாகத் தெரிந்தன. சிப்பாய் சுவரைக் காட்டி ஏதோ கத்தினான். இன்னொரு பூச்சு. தெருக்காரர்கள் அவரவர் வாசலில் நின்று, தாங்கள் மறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் வெள்ளையடித்த மட்டையைக் கழுவாமல் மூலையில் போட்டார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை.

அடுத்த வருஷம் ஆட்களையே கொண்டுபோனார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிறோம், மூன்று மாதத்தில் திரும்பலாம், அரிசி தருவோம் என்றார்கள். சிலர் நம்பிப் போனார்கள். மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு உப்பிய பிள்ளைகளை வைத்துக்கொண்டு, அரிசி என்ற சொல் காதில் விழுந்தால் யார்தான் போகமாட்டார்கள்? நம்பாதவர்களை வழியில் பிடித்தார்கள். என் வீட்டுக்காரர் கிள்ளானில் ஒரு கிடங்குக்கு எழுத்துப் போடப் போனவர். திரும்பி வரும்போது லோரியை மறித்து, அதிலிருந்த ஆண்களையெல்லாம் வேறொரு லோரியில் ஏற்றிவிட்டார்கள். அந்தக் கூட்டத்தில் இருந்து, கால் ஊனம் என்று இறக்கிவிடப்பட்ட ஒரு வியாபாரி வந்து சொன்னார். "சாயப் பெட்டியை விடமாட்டேன்னு மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரும்மா" என்றார். எனக்குக் கிடைத்த தகவல் அவ்வளவுதான்.

எங்கள் தெருவில் ஆண்கள் குறைந்துபோனார்கள். பாயிண்ட்ஸ்மேன், கரி தள்ளுகிறவர், சலவைக்காரர் எல்லாரும் அந்த வருஷத்திலேயே போனார்கள். பெண்கள் கிழங்கு நட்டோம், கோணிச் சாக்கைத் தைத்து உடுத்தினோம், சிப்பாயைக் கண்டால் குனிந்தோம். போர்டு எழுதும் வேலை வந்தால் நான் தனியாகவே எழுதினேன். வரும் வேலையெல்லாம் ஜப்பான் எழுத்துத்தான். அர்த்தம் தெரியாமல் வடிவத்தைப் பார்த்து எழுதினேன்.

அதற்கும் அடுத்த வருஷம் ஒரு வாத்தியார் என்னைத் தேடி வந்தார். முன்பு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் இருந்தவர். ஜப்பான் பாஷையைச் சீக்கிரம் கற்றுக்கொண்டதால் ஓர் அதிகாரிக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அந்த அதிகாரிக்குப் படம் என்றால் பிரியமாம். டவுனில் வெள்ளைக்காரத் துரைமார் கிளப்பாக இருந்த கட்டடத்தை ஓவியக் கூடமாக மாற்றிக்கொண்டிருந்தாராம்.

"உங்க வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வரச் சொன்னாரும்மா. ஒரு அறையில சுவர் முழுக்கப் படம் எழுதணுமாம்."

"அவரைத்தான் நீங்களே சயாமுக்குக் கொண்டுபோயிட்டீங்களே."

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். "என் தம்பியும் போயிட்டான்மா" என்றார் மெதுவாக. அதற்குப் பிறகு அவரிடம் எனக்குக் கோபம் வரவில்லை.

"நான் எழுதறேன்னு சொல்லுங்க."

அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் சாக்குப் பாவாடையையும் சாயக் கறை படிந்த நகங்களையும் பார்த்தார். ஒரு காகிதத்தைக் கொடுத்தார். அவர் எதிரிலேயே வாத்தியாரைக் கரிக்கட்டியால் வரைந்தேன். முகம் வரைந்தது அதுதான் முதல் தடவை. மூக்கு மூக்காகவே வந்தது. அதிகாரி தலையசைத்தார். படத்தின் பொருள் என்ன என்பதையும் சொன்னார். மலாயாவின் தொழிலாளிகள் ஜப்பானுக்காகச் சந்தோஷமாக வேலைக்குப் போவது.

வெள்ளை வெளேரென்ற அந்தச் சுவரின் முன்னால் நின்றபோது என் மனதில் வேறு எந்தப் படமும் வரவில்லை. தொழிலாளிகள்தானே வேண்டும்? தொழிலாளிகள் இருந்தார்கள். அவர்களை ஒருமுறை என் கையாலேயே மூடினேன். இப்போது ஜப்பான்காரன் சுவரில், அவன் சாயத்தில், அவன் கண் முன்னாலேயே திரும்ப எழுப்புகிறேன் என்று முடிவு செய்தேன்.

கேட்டும் தண்டவாளமும் மழைமரமும் சுலபமாக வந்தன. அவை என்னுடையவை. சட்டைகளும் வந்தன. கழுத்துக்கு மேலேதான் ஒன்றுமில்லை. கழுத்தோடு நின்றுபோன ஆட்களின் வரிசையைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது. எங்களில் யாரிடமும் போட்டோ கிடையாது. ஆகவே வீடு வீடாகப் போனேன்.

"அவர் மூஞ்சியைச் சொல்லு அக்கா" என்றேன் பாயிண்ட்ஸ்மேன் மனைவியிடம்.

"எதுக்கு பாப்பா?"

சொன்னேன். அவள் கிழங்கு சீவிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள். "அவன் வீட்டுக்குள்ளேயேவா? கண்டுபிடிச்சா கொன்னுடுவானே!"

"கண்டுபிடிக்க அவனுக்கு நம்ம ஆளுங்க மூஞ்சி தெரியுமா? ஆளுங்களை எண்ணித்தானே ஏத்தினான், பாத்தா ஏத்தினான்?"

அவள் தன் இடது புருவத்தைத் தொட்டாள். "இங்கே ஒரு தழும்பு. பட்டறையில இரும்பு தெறிச்சது. அந்த இடத்தில மயிர் முளைக்காது." அதற்குப் பிறகு அவள் நிறுத்தவே இல்லை. காது மடல் எப்படி, தாடை எப்படி, வெற்றிலை எந்தப் பக்கம் அடக்குவார் என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் தரையில் கரியால் வரைய, அவள் புடவைத் தலைப்பால் அழித்து அழித்துத் திருத்தினாள். கடைசியில் தரையில் அவர் படுத்திருந்தார். அவள் அதை அன்று பெருக்கவில்லை.

கரி தள்ளுகிறவரின் மனைவி வேறு மாதிரி. "அவர் சிரிக்கவே மாட்டாரு. எங்க கல்யாணத்துக்கே சிரிக்கலை. நீ பாட்டுக்கு அழகுக்காகச் சிரிக்க வச்சிடாதே" என்று கறாராகச் சொன்னாள். சலவைக்காரரின் மகள் தன் முகத்தைக் காட்டி, "எங்கப்பா இதே மூஞ்சிதான் அக்கா, என்னைப் பாத்து எழுதிக்கங்க" என்றாள். அவளைப் பார்த்துத்தான் எழுதினேன்.

அதிகாரி கொடுத்த சாயம் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. பிரிக்ஃபீல்ட்ஸில் செங்கல்லுக்குப் பஞ்சமா? பெண்கள் செங்கல்லை இடித்து, துணியில் சலித்துக் கொடுத்தார்கள். அடுப்புக் கரி, சலவை நீலம், மஞ்சள், சுண்ணாம்பு எல்லாவற்றையும் மரவள்ளி மாவுக் கஞ்சியில் குழைத்தேன். தின்ன இல்லாத நாளில் மாவைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஒருநாள் வாத்தியார் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் குடியிருந்தது எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி. அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

"என்னம்மா பண்றீங்க நீங்க?" என்றார்.

"அவரு தொழிலாளிங்களைக் கேட்டாரு. நான் தொழிலாளிங்களை எழுதறேன்."

அவர் வாசலைத் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. "என் தம்பி உங்க சுவர்ல இருந்ததில்லை" என்றார். "இவங்களோட அவனுக்கும் ஒரு இடம் இருக்குமா?"

பால்காரரின் மாட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருந்தது. வாத்தியார் முகம் சொல்லச் சொல்ல எழுதினேன். சொல்லி முடித்ததும் அவர் வெளியே போய்விட்டார். அன்று முழுவதும் திரும்பி வரவில்லை.

கடைசியாக என் வீட்டுக்காரர். பழைய சுவரில் அவர் இல்லை. எழுதுகிறவர் தன்னை எழுதிக்கொள்ளவில்லை. ஆனால் பெண்கள் விடவில்லை. "எங்க ஆளெல்லாம் நிக்கறப்ப உன் ஆளு மட்டும் எங்கே?" என்றாள் பாயிண்ட்ஸ்மேன் மனைவி. எல்லார் முகத்தையும் கேட்டுக் கேட்டு எழுதியவளுக்கு அவர் முகம் மட்டும் பிடிபடவில்லை. கண்ணை மூடினால் அவருடைய கைதான் தெரிந்தது. கையையே முதலில் எழுதினேன், தூரிகையைப் பிடித்தபடி. அந்தக் கையிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து கழுத்துக்கு என்று மேலே போனேன். முகம் வந்துவிட்டது. அது அவர்தான் என்று தெரிந்தபோது நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

திறப்புக்கு முன்பு அதிகாரி வந்து பார்த்தார். நெருங்கியும் தள்ளியும் பார்த்தார். வாத்தியாரிடம் ஏதோ கேட்டார்.

"ஏன் ஒருத்தர்கூடச் சிரிக்கலைன்னு கேக்கறாரும்மா."

"சிரிக்கிற மாதிரி எதுவும் நடக்கலைன்னு சொல்லுங்க."

வாத்தியார் ஜப்பான் பாஷையில் நீளமாக எதையோ சொன்னார். அதிகாரி மெல்லத் தலையாட்டிவிட்டுப் போனார். "என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன். "பெரியவங்க முன்னால பல்லைக் காட்டறது எங்க வழக்கத்தில மரியாதை இல்லைன்னு சொன்னேன்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தேன்.

கூடம் திறந்த அன்று, கூட்டம் சேர வேண்டும் என்பதற்காக எல்லாப் பகுதிகளிலிருந்தும் ஆட்களை வரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து வந்தார்கள். கிழியாத உடுப்பு யாரிடம் இருந்ததோ அதை மாற்றி மாற்றி இரவல் வாங்கி உடுத்தியிருந்தார்கள். மற்ற அறைகளில் எரிமலையும் மூங்கிலும் கப்பல்களும் தொங்கின. எதையும் பார்க்காமல் நேரே கடைசி அறைக்கு வந்தார்கள்.

அழுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஒருத்தி கூட அழவில்லை. ஒவ்வொருத்தியும் தன் ஆளுக்கு முன்னால் போய், முதுகைச் சுவருக்குக் காட்டி, அறையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அப்படி நிற்கச் சொல்லி நான் சொல்லவில்லை. அவர்களுக்குள் பேசிக்கொண்டார்களோ என்னவோ. சுவரில் ஆண்கள், சுவர் முன்னால் அவர்களுடைய பெண்கள். உள்ளே வந்த சீனர்கள், மலாய்க்காரர்கள், ஒரு சிப்பாய் எல்லாரும் அறை நடுவிலேயே நின்றுவிட்டார்கள்.

அதிகாரி வந்தார். பெண்களையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். சலவைக்காரரின் மகளிடம் அவர் பார்வை நின்றது. அவளுக்குப் பின்னால் சுவரில் அதே முகம், வயது கூடிய முகம்.

பாயிண்ட்ஸ்மேன் மனைவி ஓரடி முன்னால் வந்தாள். குனியவில்லை. வாத்தியாரைப் பார்த்துச் சொன்னாள்: "மூணு மாசம்னு சொல்லித்தானே கூட்டிட்டுப் போனாங்க? எப்போ திருப்பி அனுப்புவாங்கன்னு கேளுங்க. எங்களுக்குப் பதில் வேணும்."

இந்த முறை வாத்தியார் மாற்றிச் சொல்லவில்லை. அதிகாரி முகம் மாறியதில் எனக்கு அது தெரிந்தது.

கன்னத்தில் முதல் அறை வாத்தியாருக்கு விழுந்தது. இரண்டாவது எனக்கு. காதுக்குள் சங்கு ஊதியதுபோல் இரைந்தது. பெண்களை வெளியே தள்ளினார்கள். ஒரு வாளி சுண்ணாம்பைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்கள்.

"உங்க கையாலேயே அடிக்கணுமாம்" என்றார் வாத்தியார். அவர் உதட்டில் ரத்தம்.

"ஒரு தடவை அடிச்சோம். இனிமே மாட்டேன்னு சொல்லுங்க."

"அம்மா..."

"சொல்லுங்க."

கிளப்பின் புல்வெளியில், வெயிலில், அந்த வாளியை இரண்டு கையாலும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிப் பிடித்து நிற்க வைத்தார்கள். கை தாழ்ந்தால் துப்பாக்கிக் கட்டையால் ஒரு குத்து. கேட்டுக்கு வெளியே எங்கள் பெண்கள் போகாமல் நின்றார்கள். சிப்பாய் விரட்டினால் விலகுவார்கள், பிறகு திரும்ப வந்து நிற்பார்கள். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த அறைக்குள் சுவர் அப்படியே இருக்கிறது, நான் இங்கே நிற்கிறவரை அது அங்கே நிற்கும் என்று நினைத்துக்கொண்டேன். கடைசியில் கை ஓய்ந்துபோய் வாளி கவிழ்ந்தது. புதுச் சுண்ணாம்பு பட்டுக் காலெல்லாம் வெந்துபோயிற்று. சுவருக்கு அடிக்கக் கொண்டுவந்த சுண்ணாம்பு புல்லில் ஓடியது. எனக்கு வலியோடு ஒரு திருப்தியும் இருந்தது.

அன்றைக்கே பெரிய அதிகாரி ஒருவர் கூடத்தைப் பார்க்க வருவதாக இருந்ததாம். வெள்ளையடித்துக் காய வைக்க நேரமில்லை. சுவர் முழுவதும் துணி கட்டித் தொங்கவிட்டு, அதன் மேல் கொடி குத்தி வைத்தார்கள். பிறகு அந்த அறையைப் பூட்டினார்கள். கொஞ்ச நாளில் கூடத்தையே மூடிச் சாமான் கிடங்காக்கிவிட்டார்கள். போர் அவர்களுக்கு எதிராகத் திரும்பிக்கொண்டிருந்தது. வாத்தியாரைக் கிள்ளானில் துறைமுக வேலைக்கு அனுப்பினார்கள். என்னை ஏன் உயிரோடு விட்டார்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. படத்தில் பிரியம் உள்ளவர் என்பதால் அந்த அதிகாரிக்கு ஏதாவது தோன்றியிருக்கலாம். அதற்காக நான் அவருக்கு நன்றி சொல்லப்போவதில்லை.

ஜப்பான் சரணடைந்தது என்ற செய்தி வந்ததும் நாங்கள் செய்த முதல் வேலை, அந்தப் பூட்டை உடைத்தது. உள்ளே உப்பு மூட்டைகள். அவற்றை ஒதுக்கித் துணியைக் கிழித்தோம். உப்பு ஈரம் ஏறி, எல்லாருடைய கால்களும் உதிர்ந்துபோயிருந்தன. இடுப்புக்கு மேலே எல்லாரும் நின்றார்கள்.

செய்தி எப்படிப் பரவியதோ, கிள்ளானிலிருந்தும் காஜாங்கிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் வரத் தொடங்கினார்கள். "எங்க வீட்டு ஆளு இதில இருக்காரா?" என்று சுவரைத் தேடுவார்கள். இல்லை என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்புவார்கள். நான் "மூஞ்சியைச் சொல்லுங்க" என்பேன். சுவர் நிறைந்து, பக்கத்துச் சுவருக்குப் போனேன். சயாமிலிருந்து சிலர் திரும்பி வரவும் செய்தார்கள். எலும்பும் தோலுமாக வந்த ஒருவர் என் வீட்டுக்காரர் முகத்தைக் கண்டதும் நின்றுவிட்டார். முகாமில் பக்கத்துப் பாயில் படுத்திருந்தாராம். "காய்ச்சல்மா" என்றார். "கஷ்டப்படலை, ரெண்டே நாள்தான்." பொய் சொல்கிறார் என்று தெரிந்தது. அவரை உட்கார வைத்துக் கஞ்சி கொடுத்தேன். மறுநாள் நெற்றியில் பொட்டில்லாமல் வந்து, விட்ட இடத்திலிருந்து எழுதினேன்.

வெள்ளைக்காரர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களுக்கு அவர்களுடைய கிளப் வேண்டும். ஒரு துரை வந்து சுவர்களைப் பார்த்து முகம் சுளித்தார். சுத்தம் செய்ய ஆட்களை அனுப்பினார். வந்தவர்கள் செந்தூல் பக்கத்துத் தமிழர்கள். வாளியும் மட்டையுமாக உள்ளே வந்தவர்களில் ஒருவர், தன் அண்ணனைச் சுவரில் பார்த்துவிட்டார். மட்டையைக் கீழே போட்டார். மற்றவர்களும் போட்டார்கள். எல்லாரும் வராந்தாவில் போய் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார்கள்.

துரை திரும்பி வந்தபோது நான் ஏணியில் நின்றிருந்தேன். காஜாங்கிலிருந்து வந்த ஓர் அம்மாள் கீழே நின்று, தன் மகனின் முகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தாள். துரை கைக்கடிகாரத்தைத் தட்டிக்காட்டி இங்கிலீஷில் சத்தம் போட்டார். சிப்பாய்களை வைத்து வெள்ளையடிக்கப்போவதாகச் சொன்னது எனக்குப் புரிந்தது. அப்படித்தான் பிறகு செய்யவும் செய்தார்; சில வாரங்களில் அந்த அறை வெள்ளையாகிவிட்டது, துரைமார் பில்லியர்ட்ஸ் ஆடினார்கள். ஆனால் அன்று நான் ஏணியை விட்டு இறங்கவில்லை. போர்டு எழுதிக் கற்ற இங்கிலீஷ் எனக்கும் கொஞ்சம் இருந்தது.

"வெயிட்" என்றேன். "நாட் ஃபினிஷ்."

அவர் அசையாமல் நின்றார். நான் கீழே திரும்பி அந்த அம்மாளிடம், "நீங்க சொல்லுங்கம்மா. காது எப்படி இருக்கும்?" என்று கேட்டேன்.